துஷ்டி கேட்கச் சைக்கிளில் போனோம்

நாங்கள் இருக்கும் ஊரில் சாவு வீட்டுக்கும் சைக்கிளில்தான் போகிறார்கள். நெதர்லாந்தின் வடக்கே, கடலுக்கு அணை போட்டு அதன் பின்னால் குடியிருக்கிற சின்ன ஊர் அது. நாங்கள் அங்கே போன இரண்டாம் வருஷம் எதிர்வீட்டு ரீத் அம்மாளின் கணவர் இறந்துபோனார். சடங்கு மண்டபத்தின் வெளியே முப்பது நாற்பது சைக்கிள்கள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. வந்தவர்கள் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டினார்கள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள், வரிசையில் நின்று ரீத்தின் கையைக் குலுக்கி ‘ஹெகொண்டொலேர்ட்’, அதாவது அனுதாபங்கள், என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு துண்டு கேக். என் முறை வந்தது. நான் கையை நீட்டாமல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். ரீத் பயந்துபோய் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, “உனக்கு உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா? யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். புருஷனைப் பறிகொடுத்தவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் ரகு தலையைக் குனிந்துகொண்டு கேக் சாப்பிட்டார்.

அது அசட்டுத்தனம் இல்லை, பழக்கம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆத்தூர், முக்காணி பக்கத்தில் சாவு விசாரிக்கப் போவதைத் துஷ்டி கேட்பது என்போம். பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிவிட வேண்டும். சாவுவீட்டுக்காரி பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். போகிறவள் நேரே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. புறப்படும்போது ‘போய்வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இறந்து எத்தனை காலம் ஆனாலும் சரி, கூடப் பிறந்தவளாகவே இருந்தாலும் சரி, துஷ்டி கேட்காதவரை அந்த வீட்டின் நல்ல காரியத்தில் நம் கை படக் கூடாது. விருந்தாளியாகப் போகலாம், சாப்பிடலாம். வீட்டு ஆளாக நிற்க முடியாது.

என் அத்தான் இறந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நான் துஷ்டி கேட்கவில்லை.

அத்தான் என்றால் என் வடிவு அக்காவின் கணவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அப்பாவும் அம்மாவும் முன்னாலேயே போய்விட்டதால் என் கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் அக்காவும் அவரும்தான். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிட்டால் அதோடு திரும்பிவிட மாட்டார். மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து அடுத்த நிறுத்தத்தில் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “சீட் கெடச்சிட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நானும் ரகுவும் முதன்முதலாக வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது, எங்களுக்கு முன்பதிவு இருந்தும் மணியாச்சிச் சந்திப்பு வரை டிக்கெட் இல்லாமல் ரயிலில் கூடவே வந்தார். பயணச்சீட்டுப் பரிசோதகரிடம், “கொழுந்தியா ஹாலண்டுக்குப் போறா சார், சீட்டு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்” என்று சொல்லி அவரையும் சிரிக்கவைத்தார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

நான் ஏன் போகவில்லை என்பதற்கு இத்தனை நாளும் ஊருக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம் என்று வைத்திருந்தேன். ஊருக்குச் சொன்னது, விடுப்பு கிடைக்கவில்லை என்று. உண்மையில் ஊருக்குப் போய்வருகிற அளவுக்கு நான் விடுப்பே கேட்கவில்லை. புது வேலையில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. விடுப்புப் படிவத்தில் உறவுமுறைகளின் பட்டியல் இருந்தது. அதில் அத்தான் எங்கே வருவார் என்று தேடினேன். ‘ஸ்வாஹர்’ என்று ஒரு சொல். மச்சான், மைத்துனன், கொழுந்தன், அத்தான் எல்லாருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு எதிரே ஒருநாள் விடுப்பு என்று போட்டிருந்தது. மேலே கேட்டிருந்தால் அதிகாரி கொடுத்திருப்பார், நல்ல மனுஷி. புதிதாக வந்தவள் உடனே லீவு கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்கு வெட்கம். பதினாறாம் நாளுக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் வருஷத் திதிக்கு. அப்புறம் எங்கள் மகளுக்குப் பரீட்சை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று வந்தது, நானும் அதற்கு இடம் கொடுத்தேன்.

அந்த ஒருநாள் விடுப்பில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடல் அணையின் மேல் காலையிலிருந்து இருட்டும்வரை மிதித்தேன். ஆகஸ்ட் மாதம். எதிர்க்காற்றில் கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. ஒரு மனிதர் இல்லை, செம்மறி ஆடுகள் மட்டும் நின்றன. “அத்தான், அத்தான்” என்று கத்திக்கொண்டே மிதித்தேன். வீட்டுக்கு வந்தபோது ரீத் அம்மாள் கதவைத் தட்டாமல் தபால் துளை வழியாக ஓர் அனுதாப அட்டையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். துக்கத்தில் இருப்பவரைத் தனியே விடுவதுதான் அங்கே மரியாதை. அன்று இரவு வீடியோவில் அக்காவும் நானும் அழுதோம். நான் அழ வேண்டியதை அழுதுமுடித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன். அக்கா அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

போன கார்த்திகையில் அக்கா மகள் முத்துவிடமிருந்து குரல்செய்தி வந்தது. “சித்தி, எனக்குத் தையில கல்யாணம் முடிவாயிட்டு. அம்மா ஒங்ககிட்ட இன்னும் சொல்லல. நீங்க வந்து துஷ்டி கேட்ட பொறவுதான் சொல்லுவாளாம். மணையில அப்பா எடத்துல நீங்களும் சித்தப்பாவும் இருந்து தாரை வாக்கணும்னு அம்மாவுக்கு ஆச. நான் சொன்னதாக் காட்டிக்கிடாதீங்க.” விதவைத் தாய் மணையில் உட்கார மாட்டாள். எனக்கு யார் தாரை வார்த்தார்களோ அவர்களுடைய மகளுக்கு நான் வார்க்க வேண்டும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அன்றைக்கே டிக்கெட் எடுத்தோம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் போய், துஷ்டி கேட்டு, அக்காவோடு நின்று எல்லா வேலையும் பார்ப்பது என்று முடிவு. துஷ்டிக்கு எந்த நாள் வருகிறோம் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

சைக்கிள் யோசனை யாருடையது என்று கேட்டால், தொடங்கியவர் ரகு. தூத்துக்குடியில் ஆரம்பித்துக் கடலோரமாகவே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று இரண்டு நாள் மிதிக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அவர் சென்னைக்காரர், எங்கள் கரையைச் சரியாகப் பார்த்ததில்லை. தை மாதம், வெயில் தணிந்து, வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். அவருடைய நண்பர் ஒருவரிடம் இரண்டு கியர் சைக்கிள்கள் இருந்தன. ஆனால் ஆத்தூரில் அக்கா வீட்டை வழியில் சேர்த்தவள் நான். பஸ்ஸில் போய் இறங்கினால் ஒரு மணி நேரம். இரண்டரை வருஷம் கழித்துப் போகிறவள் அப்படி லேசாகப் போய் இறங்கக் கூடாது, அந்தத் தூரத்தை உடம்பால் கடந்து போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அணையின் மேல் அத்தானுக்காக அழுதபடி மிதித்தேனே, அதன் மிச்சத்தை ஆத்தூர் வரைக்கும் மிதிக்கப்போவதாக எனக்குள் ஒரு கணக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் சிரித்து என்னைக் காப்பாற்றியிருக்கலாம்.

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம். முத்துக் குளிப்பு நின்றுபோய் எத்தனையோ காலம். அந்தப் பெயர் மட்டும் லாட்ஜுகளிலும் பேக்கரிகளிலும் மாட்டியிருக்கிறது. துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். மழை வடிந்து, புது வருஷத்து உப்புக்காகப் பாத்திகளை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. ரகு சைக்கிளை நிறுத்தி, “அத்தான் ஓட்டினது எது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் அவர் எந்தக் கிரேனின் உச்சியில் உட்கார்ந்திருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ ஒன்றைக் காட்டி, “அதுதான்” என்று சொல்லிவைத்தேன்.

சாலை முழுவதும் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்கள், பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக. நாங்கள் மட்டும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஜாக்கெட், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, தொடையை இறுக்கிப் பிடித்த கால்சட்டை. அங்கே குளிர்காலத்தில் லாரிக்காரன் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக மாட்டுகிற உடை. பழையகாயலில் டீ குடிக்க நின்றோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சிக்கு நேர்ச்சையா?”

“இல்லைங்க, சும்மாதான்” என்றார் ரகு.

“சும்மா யாராவது சைக்கிள் மிதிப்பாவளா? காலு வலிக்கும்லா. என்ன நேர்ச்சன்னு வெளிய சொல்லக் கூடாதோ?”

“எக்சர்சைஸ்” என்றார் ரகு. கடைக்காரருக்கு அது ஏதோ வியாதியின் பெயராகப் பட்டிருக்க வேண்டும். “முருகன் கொணப்படுத்திருவாரு, கவலப்படாதீங்க” என்று சொல்லி, சீனி குறைவாகப் போட்டு டீ கொடுத்தார். நாங்கள் முக்காணிப் பாலம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பாலத்தில் ரகு மறுபடியும் நிறுத்தினார். கீழே தாமிரபரணி நிறையத் தண்ணீரோடு போனது. “கோமதி, இப்படியே போனால் சரியாக இருக்குமா? பையில் வேட்டி இருக்கிறது. நீயும் சேலை எடுத்து வந்திருக்கிறாய். எங்கேயாவது மாற்றிக்கொண்டு போவோமே” என்றார். இதைக் கேட்டவர் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றும் அறியாத சென்னைக்காரர். எல்லாம் அறிந்த நான் சொன்ன பதில்: “அக்காதானே, என்ன இப்போ. போய் மாற்றிக்கொள்ளலாம்.” அவர் இன்னொரு தடவையும் கேட்டார். வேர்த்து நனைந்த உடம்பில் பாலத்தடியில் நின்று சேலை கட்டுவது எனக்குத் தொல்லையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம், இன்றைக்கு வரை இதற்கு வேறு பெரிய காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு நாய் துரத்தியது. ரகு கால்கள் இரண்டையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு, “முருகா, இதையும் கொணப்படுத்து!” என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெருமுனையில் அழுகையைத் தொடங்க வேண்டியவள் தெருமுனையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பழக்கதோஷத்தில் வாசலில் மணியை வேறு இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

முன்னறையில் பாய் விரித்திருந்தது. நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள், வெளுத்த சேலையில், தலைமுடியை அள்ளிச் செருகாமல். அவளைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர். சுவரில் அத்தான் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதோ செய்ய வேண்டும் என்று புரிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தேன். தாடையின் கீழே கொக்கி மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கறுப்புக் கண்ணாடியும் முகத்திலேயே இருந்தது. சிரிப்பின் மிச்சம் உதட்டில் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. ஒரு பெண், “அடுப்புல ஒல கெடக்கு” என்று எழுந்தாள். இன்னொருத்தி, “பிள்ள பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருவான்” என்றாள். ஒவ்வொருவராக என்னைக் கடந்து வெளியே போனார்கள். கடைசியில் அக்கா எழுந்தாள். குனிந்து, பாயைச் சுருட்டினாள். சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வா. வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கிய, காப்பி போடுதேன்” என்றாள்.

நான் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு ஓடி, “அக்கா, அத்தான்…” என்று அவள் தோளைப் பிடித்தேன். அவள் என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். “மொதல்ல முகத்தக் கழுவு. வேர்த்துக் கெடக்கு.”

காப்பி வந்தது. துஷ்டி வீட்டில் காப்பி கிடையாது. ஆகவே இது துஷ்டி இல்லை என்று அக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். நான் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடிக்காமல் வைத்திருக்கலாம், வைத்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். அவள் எதிரில் நின்று, “ஆறிறப் போவுது” என்றாள். குடித்துவிட்டேன். அப்புறம் சாப்பாடு, வாழைக்காய்ப் பொரியல், தட்டைப்பயற்றுக் குழம்பு, அப்பளம். சந்தடி இல்லாமல் ஒன்றொன்றாக வைத்தாள். “இதுல எப்பிடிக் குனிஞ்சு இருந்து ஓட்டுத? முதுகு வலிக்காதா?” என்று கேட்டாள். “அங்கன இப்ப பனியா, மழையா?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற எல்லாவற்றையும் பேசினாள். சேலை மாற்றிக்கொண்டு வந்து, “அக்கா, ஒரு நிமிஷம் உட்காரேன்” என்று இரண்டு தடவை சொன்னேன். “வேல கெடக்குளா” என்று இரண்டு தடவையும் அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்கு உள்ளே கோபமும் வந்தது, மறைப்பானேன். எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறேன், உடுப்பைப் பார்த்தா ஆளை எடைபோடுவது என்று நினைத்தேன்.

புறப்படுகிற நேரத்தில் அக்கா தட்டில் வெற்றிலை பாக்கோடு கல்யாணப் பத்திரிகையை வைத்து, “முத்து, சித்திக்குக் குடு” என்றாள். “பத்து நாள்தான் இருக்கு. ரெண்டு பேரும் வந்திருங்க” என்றாள். மணையைப் பற்றி ஒரு பேச்சில்லை. “போயிட்டு வாரோம்” என்று ரகு சொன்னார். “போயிட்டு வாங்க தம்பி” என்று அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். முத்து மட்டும் சைக்கிள் வரைக்கும் வந்து என் காதருகே குனிந்தாள். “என்ன சித்தி இப்பிடிப் பண்ணிட்டிய? காலைல இருந்து அம்மா பச்சத்தண்ணி குடிக்கல. நீங்க வந்து அழுத பொறவு குளிச்சிட்டு, நாலு மணிக்குப் பந்தல் கால்நாட்டுன்னு வச்சிருந்தா. அழுகையும் நல்லதும் ஒரே நாள்ல வேண்டாம்னு எல்லாரும் சொன்னாவ. ‘எந் தங்கச்சி வந்து அழாம இந்த வீட்டுல கால் நட மாட்டேன்’னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா.”

இதைக் கேட்டுவிட்டு நான் உள்ளே திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவமானம் ஒரு பக்கம், சொன்னேனே அந்தக் கோபம் ஒரு பக்கம். சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மணப்பாட்டுக்குப் போகிற தெம்பு இல்லை. கடலையாவது பார்ப்போம் என்று புன்னைக்காயல் பக்கம் திருப்பினோம். வாழைத்தோட்டங்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கியது. ஊருக்குள் மாதாகோயிலுக்கு அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் சைக்கிளையும் ரகுவின் மஞ்சள் ஜாக்கெட்டையும் பார்த்துவிட்டு, “சர்வே எடுக்க வந்தியளா? தூண்டில் வளைவு எப்பம் வரும்னு கேட்டுச் சொல்லுங்க சார்” என்றார். அலை தடுக்கக் கடலுக்குள் போடுகிற கல்வரிசையைக் கேட்கிறார். ரகு, “நாங்கள் கவர்மென்ட் இல்லைம்மா” என்றார். “எல்லாவனும் அப்பிடித்தான் சொல்லுதான்” என்று அவர் வலைக்குத் திரும்பிவிட்டார். ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். முத்து சொன்னதைச் சொன்னேன். ரகு, “இரண்டரை வருஷம் ஒரு மனுஷி அழாமல் ஒன்றை வைத்திருந்தாள் என்றால்…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீடியோவில் நாங்கள் அழுதது அக்காவின் கணக்கில் சேரவே இல்லை. என் பங்கு அழுகைக்காக இடம் விட்டு, இவ்வளவு காலம் காத்திருந்து, பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். மணி பார்த்தேன். மூன்றரை.

ரகுவை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். சேலையோடு கியர் சைக்கிள் மிதிப்பது லேசு இல்லை; கரை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது, இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். அத்தான் பஸ்ஸுக்குப் பின்னால் வருவது, ரயிலில் கூடவே வந்தது, எல்லாம் வந்தது. அழுகையும் வந்தது. சத்தமாகத்தான் அழுதேன், வரப்பில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளைத் தெருமுனையில் சாய்த்துப் போட்டுவிட்டு, முடியை அவிழ்த்துவிட்டு, முறைப்படி அழுதுகொண்டே அக்கா வீட்டைப் பார்த்து நடந்தேன். பாதித் தெருவில் குலவைச் சத்தம் கேட்டது.

வாசலில் மூங்கில் நட்டிருந்தது. நுனியில் மாவிலை, நடுவில் மஞ்சள் துணி முடிச்சு, அடியில் ஊற்றிய பால் இன்னும் மண்ணில் வற்றவில்லை. காலையில் பாயில் இருந்த அதே பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் குலவை நின்றுவிட்டது. ஒருத்தி ஓடிவந்து என் வாயைப் பொத்தப்போனாள். கால் நட்ட வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அக்கா கூட்டத்தில் இல்லை. அவள் சுமங்கலிகளோடு நிற்க முடியாதல்லவா, பக்கவாட்டுச் சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துச் சுவரோரம் ஒதுக்கினாள்.

“அழுதுராதளா. கால் நட்டாச்சு.”

“கேட்கத்தான் வந்தேன் அக்கா. அத்தானைக் கேட்கத்தான் வந்தேன்.”

“தெரியும்.” தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “ரெண்டரை வருசமாத் தெரியும். நீ வருவ, ஒங் கழுத்தக் கட்டிக்கிட்டு அந்த மனுசன ஒருவாட்டி முழுசாச் சொல்லி அழணும்னு வச்சிருந்தேன். இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல எடுக்க முடியாதுளா. பிள்ள வாழப் போறா.”

“கல்யாணம் முடிந்த பிறகு…”

“பொறவு என்ன இருக்கு. முடிய முடிஞ்சுக்கோ. பானகம் இருக்கு, குடிச்சிட்டுப் போ.”

பானகத்தையும் குடித்தேன். மண்ணில் இருந்த பாலின் ஈரம் வற்றுவதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தேன். அரைமணி நேரம் என்று நினைப்பதும் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற பொய்தான். தாமதமானது அன்றைக்கு இல்லை. விடுப்புப் படிவத்தை மூடிவைத்த அன்றைக்கே தாமதமாகிவிட்டது. அந்த ஊரில் பிரிவுக்கு ஒரு சொல்லும் ஒரு கைகுலுக்கலும் போதும் என்பதைக் கற்றுக்கொண்டேன்; நாளாவட்டத்தில் அது எல்லா ஊருக்கும் போதும் என்று நம்பத் தொடங்கிவிட்டேன். என்னைப்போல வெளியே போனவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கேட்காமல் விட்ட துஷ்டி ஏதாவது இருந்தால் போய்க் கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் போங்கள்.

கல்யாணத்துக்குப் போனோம். திருச்செந்தூர் சாலையில் ஒரு மண்டபம். மணையில் அத்தானின் தம்பியும் அவர் மனைவியும் உட்காரப் போகிறார்கள் என்று முத்து முன்னாலேயே செய்தி அனுப்பியிருந்தாள். அக்கா மேடைப்பக்கம் வராமல் பந்தியில் இலை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூத் தட்டுகளோடு மேசை போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால், பெண்ணின் சித்தி நிற்க வேண்டிய இடத்தில், முத்துவோடு வேலை பார்க்கிற ஒரு பெண் பன்னீர்ச் செம்போடு நின்றாள். எங்கள் மேல் தெளித்துவிட்டு, உட்காரவைப்பதற்காகக் கேட்டாள்.

“ஆன்ட்டி, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?”

ரகு சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

“வெளிநாடு” என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் நிறைந்திருந்த நாற்காலிகளுக்கு இடையே கையைக் காட்டினாள்.

“அப்ப நடுவுல உக்காருங்க ஆன்ட்டி. அங்கன ஃபேன் இருக்கு.”

நாங்கள் நடுவில் போய் உட்கார்ந்தோம்.